லியர் மன்னன் தேடிய முறைசெய்வோன்

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தை மூலமொழியில் பயில்வோர், மூன்றாம் அங்கத்தின் ஆறாம் காட்சியில் 'ஜஸ்டிசர்' என்னும் சொல்லைக் கண்டதும் சற்றே தயங்கி அடிக்குறிப்பை நாடுவர். 'நீதிபதி, இன்று வழக்கில் இல்லை' என்று சுருக்கமாகக் கூறி அடிக்குறிப்பு விலகிவிடும். நம் கருத்தில் அந்தக் குறிப்பு போதாது. நீதிபதியைக் குறிக்க 'ஜட்ஜ்' என்னும் சொல் ஷேக்ஸ்பியரின் கையருகே இருந்தது. அதனை அவர் பல நாடகங்களில் தாராளமாக ஆண்டும் இருக்கிறார். அவ்வாறிருக்க, மதி கலங்கிய முதிய அரசன் ஒருவனின் வாயில் இந்த அரிய சொல்லை ஏன் வைத்தார்?

இரு சொற்களுமே லத்தீனில் வேர்கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் புகுந்தவை. 'ஜட்ஜ்' என்பதன் மூலம் 'யூதெக்ஸ்'. சட்டம், உரிமை எனப் பொருள்படும் 'யூஸ்' என்பதோடு 'கூறுதல்' என்னும் வினை இணைந்து பிறந்தது அது. நீதி இன்னதென்று எடுத்துச் சொல்பவனே யூதெக்ஸ். சங்கத் தமிழர் தம் நீதிமன்றத்தை 'அறங்கூறவையம்' என்றழைத்தபோது இதே கருத்தைத்தான் கொண்டிருந்தனர் என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. ஆனால் 'ஜஸ்டிசர்' வேறு குடும்பத்தது. நீதியைக் குறிக்கும் 'யூஸ்தீத்தியா' என்னும் பெயரினின்று இடைக்கால லத்தீனில் 'யூஸ்தீத்தியாரியுஸ்' தோன்றிற்று. நார்மானியர் நாவில் அது உருமாறி இங்கிலாந்தை அடைந்தது. இதன் உடன்பிறப்பே 'ஜஸ்டிசியார்' என்னும் பதவிப்பெயர். அரசர் கடல் கடந்து நார்மண்டியில் தங்கியிருந்த நாள்களில் அவருக்குப் பதிலாக நாட்டை நிருவகித்த பேரதிகாரியை அப்பெயர் சுட்டிற்று. 1180 முதல் 1189 வரை அப்பதவியில் இருந்தவர் ரானுல்ஃப் த கிளான்வில். 1215 முதல் 1232 வரை இருந்தவர் ஹியூபர்ட் த பர்க். இவர்கள் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுந்து போனவர்கள் அல்லர். தீர்ப்பை நிறைவேற்றும் கையும் இவர்களுடையதே. ஆகவே 'ஜஸ்டிசர்' என்னும் சொல்லில் நீதியைச் செய்து முடிப்பவன், நீதியை நிலைநாட்டுபவன் என்னும் பொருள் ஊறிக் கிடக்கிறது. 'முறை செய்தல்' என்பது நம் பழந்தமிழ் வழக்கு. அதனையொட்டி இச்சொல்லை 'முறைசெய்வோன்' என்று பெயர்க்கத் துணிகிறோம். 1995 இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில், லத்தீன் மறைநூல் யூதெக்ஸ் என்னும் சொல்லால் வழங்கும் பழைய ஏற்பாட்டு நூலுக்கு 'நீதித் தலைவர்கள்' என்று பெயரிட்டதை வாசகர் அறிவர். தெபோராவும் கிதியோனும் சிம்சோனும் மன்றத்தில் அமர்ந்து வழக்குரைத்தவர்களாக மட்டும் இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட மக்களை மீட்டவர்கள். 'தலைவர்' என்று சேர்த்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

இந்தச் சொல் நாடகத்தில் தங்கியிருப்பதே ஏறத்தாழத் தற்செயல் என்று சொல்ல வேண்டும். 'லியர் மன்னன்' நமக்கு இரு வடிவங்களில் கிடைத்திருக்கிறது. 1608 இல் சிறுநூலாக அச்சான குவார்ட்டோ பதிப்பு ஒன்று. ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின் 1623 இல் வந்த ஃபோலியோ என்னும் பெருந்தொகுப்பு மற்றொன்று. குவார்ட்டோவிலுள்ள ஏறத்தாழ 300 வரிகள் ஃபோலியோவில் இல்லை. ஃபோலியோவிலுள்ள ஏறத்தாழ 100 வரிகள் குவார்ட்டோவில் இல்லை. இன்றைய பதிப்புகள் பலவற்றில் 'ஜஸ்டிசர்' மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது, 18 ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் திபால்டின் ஊகம். குவார்ட்டோவில் அவ்விடத்தில் 'ஜஸ்டிஸ்' என்றே இருக்கிறது, யாப்பின் ஓசை கருதி அவர் ஓர் அசையைக் கூட்டினார். இரண்டாவது, குவார்ட்டோவில் மட்டுமே உள்ளது. மூன்றாவதன் கதை இன்னும் வேடிக்கை. அக்கால அச்சகத்தார், தாள்கள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே இடையில் நிறுத்திப் பிழை திருத்துவர். திருத்தப்படாத தாள்களையும் வீணாக்காமல் சேர்த்துக் கட்டிவிடுவர். அவ்வாறு திருத்தப்பட்ட குவார்ட்டோ படிகளில் மட்டுமே நான்காம் அங்கத்தில் இச்சொல் காணப்படுகிறது. ஃபோலியோவின் 'லியர்' நாடகத்தில் இச்சொல் அறவே இல்லை.

இனி, காட்சிக்கு வருவோம். மூத்த புதல்வியர் கானரில், ரீகன் இருவருக்கும் நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, முகமன் பேசத் தெரியாத கடைக்குட்டி கொர்டீலியாவை வெறுங்கையாய் விரட்டிய லியர், அந்த இருவராலேயே புயல்மழையில் தள்ளப்பட்டு, க்ளாஸ்டர் பிரபுவின் கோட்டையை ஒட்டிய எளிய மனையொன்றில் ஒதுங்கியிருக்கிறான். உடன் இருப்போர் மூவர். இடுப்பில் கம்பளித் துண்டு மட்டும் சுற்றிய 'ஏழை டாம்' என்னும் பித்தன் ஒருவன். அவன் உண்மையில் க்ளாஸ்டரின் மூத்த மகன் எட்கர். அரசனின் விதூடகன் ஒருவன். பணியாள் வேடத்தில் கென்ட் பிரபு ஒருவர். திடீரென லியர் ஒரு வழக்கு மன்றத்தைக் கூட்டுகிறான். கம்பளி சுற்றியவனை அங்கி அணிந்த நீதியரசராக அமர்த்துகிறான். விதூடகனை 'ஈக்விட்டி' என்னும் நேர்மைநெறியின் நீதிபதியாக அவனருகே இருத்துகிறான். கென்ட்டை நோக்கி, நீயும் ஆணையம் பெற்றவன்தானே, உட்கார் என்கிறான். பிறகு கானரிலைக் கூண்டில் ஏற்றுகிறான். அவள் அங்கில்லை, ஒரு முக்காலிதான் இருக்கிறது. தந்தையாகிய ஏழை அரசனை இவள் உதைத்தாள் என்று லியர் ஆணையிட்டுச் சாட்சி சொல்கிறான். மன்னிக்க வேண்டும் அம்மா, உங்களை முக்காலி என்றல்லவா எண்ணிவிட்டேன் என்று விதூடகன் கேலியாகப் பணிகிறான். அடுத்துக் கூண்டேறிய ரீகன், அரசனின் கலங்கிய கண்களுக்கு முன் தப்பி ஓடிவிடுகிறாள். ஆயுதம் எடுங்கள், இந்த மன்றத்திலும் ஊழல் புகுந்துவிட்டது என்று அலறும் லியர், பொய் முறைசெய்வோனே, அவளை ஏன் தப்பவிட்டாய் என்று கேட்கிறான். அத்துடன் வழக்கு கலைகிறது.

பித்தனின் பிதற்றல் என்று இதனைத் தள்ளிவிடக் கூடாது. லியர் கூட்டிய மன்றத்தில் இங்கிலாந்தின் நீதி அமைப்பு முழுவதும் இருக்கிறது. அந்நாட்டில் பொதுச் சட்ட மன்றங்கள் ஒருபுறமும், சட்டத்தின் கடுமையால் நேரும் அநீதியைக் களைய நேர்மைநெறியைக் கையாளும் சான்சரி மன்றம் மறுபுறமுமாக, இரண்டும் தனித்தனியே இயங்கின. 1873, 1875 ஆம் ஆண்டுச் சட்டங்கள்தாம் அவற்றை ஒன்றாக இணைத்தன. சான்சரியின் தலைவர்களாய் இடைக்காலத்தில் பெரும்பாலும் ஆயர்களே அமர்ந்திருந்தனர். மனச்சான்றின் மன்றமாக அது கருதப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பொதுநிலையினராய் அவ்விருக்கையில் 1529 முதல் 1532 வரை அமர்ந்தவர் புனித தாமஸ் மோர். கென்ட் வகிக்கும் ஆணையமோ, ஊர்ப்புறங்களில் அமைதிகாக்கும் நீதிபதிகளுக்கு அரசர் வழங்கும் ஆணையம். ஆக, மேலிருந்து கீழ் வரை ஒரு நாட்டின் நீதித்துறையையே மூன்று பேரைக் கொண்டு லியர் நிறுவிவிடுகிறான்.

அந்த மூவரும் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எட்கர், தம்பி எட்மண்ட் புனைந்த பொய்க்கடிதத்தை நம்பிய தந்தையால், ஒரு வார்த்தையேனும் விசாரிக்கப்படாமல் குற்றவாளியாக்கப்பட்டவன். அவன் தலைக்கு விலை குறிக்கப்பட்டிருக்கிறது. கென்ட், கொர்டீலியாவுக்காகப் பரிந்து பேசியதற்காக இதே லியரால் நாடு கடத்தப்பட்டவர். விதூடகனோ உண்மை பேசினால் சவுக்கு, பொய் பேசினாலும் சவுக்கு என்னும் நிலையில் வாழ்பவன். முறையற்ற தீர்ப்புக்கு இரையானவர்களையே நீதிபதிகளாக அமர்த்துகிறான் லியர்; அவர்களில் ஒருவருக்கு அத்தீர்ப்பை வழங்கியவன் தானே என்பதை அவன் அறியான். வேடத்துக்குள் இருக்கும் கென்ட் அறிவார். நடிகர் ஒருவர் இந்தக் காட்சியில் கென்ட்டாக ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் நொடியை எவ்வாறு கையாளுகிறார் என்பதைக் கொண்டே அவர் தகுதியை அளந்துவிடலாம் என்பது நம் எண்ணம்.

எட்கர் பிதற்றும் பேய்ப்பெயர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கத்தோலிக்க வாசகருக்கு அது தனிப்பட்ட அக்கறைக்குரியது. 1603 இல் சாமுவேல் ஹார்ஸ்நெட் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு, கத்தோலிக்கக் குருக்களின் பேயோட்டும் சடங்குகளை வஞ்சகம் என்று சாடி நூலொன்றை வெளியிட்டார். 1585-86 இல் பக்கிங்காம்ஷயர் மாவட்டத்து டென்ஹாம் ஊரில், இயேசு சபைக் குரு வில்லியம் வெஸ்டனும் உடனிருந்தோரும் நடத்திய சடங்குகளே அதன் இலக்கு. பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட வீட்டுப் பணிப்பெண்களை விசாரித்துப் பெற்ற வாக்குமூலங்களும் அந்நூலில் உள்ளன. மோடோ, மாஹு, ஃபிரடெரெட்டோ போன்ற பெயர்களை ஷேக்ஸ்பியர் அங்கிருந்துதான் எடுத்தார். அந்த டென்ஹாம் குருக்களுள் ஒருவரான ராபர்ட் டிப்டேல், ஷேக்ஸ்பியரின் ஊராகிய ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரியில் பிறந்தவர். 1586 இல் லண்டன் டைபர்னில் கொல்லப்பட்டார். 1987 இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். ஷேக்ஸ்பியர் இரகசியக் கத்தோலிக்கராக இருந்தார் என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவோர் நம்மவரிடையே உண்டு. அத்தகைய அவசரம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஹார்ஸ்நெட்டின் நூலில் அந்தப் பெயர்கள், குற்றம் சாட்டுபவரின் ஏளனத்தோடு, விசாரிக்கப்பட்டவர்களின் வாயில் வருகின்றன. நாடகத்திலோ, அவற்றை உச்சரிப்பவன் நீதிபதியின் இருக்கையில் இருக்கிறான். அவன்பால் நமக்கு எழுவது ஏளனம் அன்று.

இத்துணைச் செறிவுடைய பகுதி ஃபோலியோவில் இல்லை. லியரின் பேச்சு ஒன்றன்பின் தொடங்கி, 'பொய் முறைசெய்வோனே' என்னும் அலறலோடு முடியும் பகுதி அப்படியே நீக்கப்பட்டிருக்கிறது. அதாவது நீக்கப்பட்ட பகுதியின் கடைசி வரியிலேயே நம் சொல் இருக்கிறது. நீக்கியவர் ஷேக்ஸ்பியர்தாமா, நாடகக் குழுவினரா என்பது நீண்ட விவாதம். 1983 இல் கேரி டெய்லரும் மைக்கேல் வாரனும் தொகுத்த 'அரசுகளின் பிரிவினை' என்னும் கட்டுரைத் தொகுதி, ஃபோலியோவை ஆசிரியரே செய்த திருத்தம் என்று வாதிட்டது. அதில் ரோஜர் வாரன் என்னும் அறிஞர் இந்த விசாரணைக் காட்சியின் நீக்கத்தை எடுத்துக்கொண்டு, மேடையில் இக்காட்சி தொய்வை உண்டாக்குகிறது, நீதியைப் பற்றிய பேச்சு நான்காம் அங்கத்தில் இன்னும் கூர்மையாக வருவதால் இங்கு அது தேவையில்லை என்னும் போக்கில் எழுதினார். 1986 ஆம் ஆண்டின் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரு வடிவங்களையும் தனித்தனி நாடகங்களாகவே அச்சிட்டுவிட்டது.

மேடை அனுபவத்தினின்று எழுந்த வாதம் அது. எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. மூன்று பித்தர்கள் ஒரே நேரத்தில் பேசும் காட்சி, திறமையற்ற குழுவிடம் அகப்பட்டால் வெறுங்கூச்சலாகிவிடும். ஆனாலும் அந்த முடிவை நாம் ஏற்க இயலாது. நான்காம் அங்கத்தில், கண்ணிழந்த க்ளாஸ்டரை எதிர்கொள்ளும் லியர், நீதிபதியையும் திருடனையும் இடம் மாற்றி வைத்தால் யார் எவரென்று தெரியுமா என்று கேட்பது மெய்தான். அங்கே அவன் நீதிமன்றங்களைப் பற்றிப் பேசுகிறான். இங்கேயோ அவனே ஒரு நீதிமன்றத்தை நடத்திப் பார்த்துத் தோற்கிறான். இந்தத் தோல்வி இல்லாமல் அந்தப் பேச்சுக்கு ஆதாரம் ஏது?

அந்தத் தோல்வியை இன்னும் நெருங்கிப் பார்ப்போம். ஆயிரம் பேர் செந்தழலாய்க் காய்ந்த கம்பிகளோடு தன் மகள்கள் மேல் பாய வேண்டும் என்னும் வெறியோடு காட்சியைத் தொடங்குகிறான் லியர். உடனே அவ்வெறி சட்டத்தின் உடையை அணிந்துகொள்கிறது. வெறும் பழிவாங்கல் போதவில்லை, தீர்ப்பும் வேண்டும். வாதி அவனே, சாட்சி அவனே, நீதிபதிகளை நியமித்தவனும் அவனே. இத்துணை வசதியோடு கூடிய மன்றத்திலும் குற்றவாளி தப்பிவிடுகிறாள். 'பொய் முறைசெய்வோனே' என்று அவன் எவரை விளிக்கிறான்? எதிரே அமர்ந்திருக்கும் எட்கரை என்பது வெளிப்படை. ஆனால் ரீகனை உண்மையில் தப்பவிட்டவர் யார்? அவள் கையில் பாதி நாட்டைக் கொடுத்தவர் யார்? முதல் காட்சியிலேயே ஒரு விசாரணை நடந்ததை நாம் மறக்கலாகாது. எவள் என்னை மிகுதியாக நேசிக்கிறாள் என்பது வழக்கு. பொய்ச்சாட்சிகள் இருவருக்குப் பரிசு. மெய்ச்சாட்சிக்கு மேல்முறையீடற்ற தண்டனை. இடைமறித்த கென்ட்டுக்கு நாடு கடத்தல். நாடகத்தின் முதல் பொய் முறைசெய்வோன் லியர்தான். தன் பெயரைத் தான் அறியாமலேயே அந்த இருண்ட அறையில் உரக்கக் கூவிவிடுகிறான். வெறும் 'ஜட்ஜ்' என்ற சொல் இங்கே பயன்பட்டிராது. தவறாகத் தீர்ப்புக் கூறியது மட்டும் அன்று அவன் குற்றம். நீதியைச் செய்யக் கடமைப்பட்ட அரசன், அதற்குரிய ஆற்றலையே கைமாற்றிக் கொடுத்துவிட்டான்.

அதன்பின் வரும் மாற்றம் ஃபோலியோவிலும் இருக்கிறது. ஆனால் வேரற்று நிற்கிறது. ரீகனின் உடலை அறுத்துப் பாருங்கள், அவள் நெஞ்சைச் சுற்றி என்ன விளைகிறதென்று காணுங்கள், இத்தகைய கல்நெஞ்சங்கள் உருவாக இயற்கையில் ஏதேனும் காரணம் உண்டா என்று லியர் வினவுகிறான். தண்டனை கோரிய குரல் காரணம் தேடும் குரலாகிறது. வழக்கு முறிந்ததால் பிறந்த கேள்வி அது. காரணத்தைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல் வழக்கையும் குறிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம். அச்சொல் மறுபடியும் வரும்.

நாடகம் உடனே மற்றொரு விசாரணைக்குப் பாய்கிறது. அடுத்த காட்சியில் ரீகனின் கணவன் கார்ன்வால், க்ளாஸ்டரை நாற்காலியோடு பிணைத்து வினவுகிறான். நீதியின் சடங்கு இல்லாமல் இவனது உயிரைப் பறிக்க முடியாதுதான், ஆனாலும் நம் சினத்துக்கு நம் அதிகாரம் இடம் கொடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். முதியவரின் தாடி பறிக்கப்படுகிறது, கண்கள் பிடுங்கப்படுகின்றன. அங்கே வெறும் முக்காலி, இங்கே உயிருள்ள மனிதர் கட்டுண்ட நாற்காலி. அங்கே அதிகாரமற்ற பித்தர்கள் நீதியின் வடிவங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து பேணுகிறார்கள்; இங்கே அதிகாரம் படைத்தவர்கள், தெளிந்த மதியோடு, அவற்றை உதறுகிறார்கள். முதல் விசாரணையை நீக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் காட்டினால் எஞ்சுவது கொடுமை ஒன்றே. அக்கொடுமை எதனைக் கொன்றது என்பது தெரியாமற்போகும்.

இந்தக் காட்சியில்தான் நாடகத்தின் மெய்யான முறைசெய்வோன் தோன்றுகிறான் என்று கருதுகிறோம். அவனுக்குப் பெயர் இல்லை. கார்ன்வாலின் வீட்டில் சிறுவயது முதல் ஊழியம் செய்த பணியாள். இதுவரை நான் உமக்குச் செய்த ஊழியங்களுள் சிறந்தது, இப்போது உம்மை நிறுத்தச் சொல்வதே என்று எசமானனைத் தடுத்து, வாளுருவி, அவனுக்குச் சாவுக்காயம் விளைவிக்கிறான். ரீகன் பின்னாலிருந்து அவனைக் குத்திக் கொல்கிறாள். சில வரிகளோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. க்ளாஸ்டரின் மற்றொரு கண்ணையும் அவனால் காப்பாற்ற இயலவில்லை. பின்னர் இச்செய்தியைக் கேட்கும் ஆல்பனி பிரபு, மேலே முறைசெய்வோர் இருக்கிறீர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று வானத்தை நோக்கிச் சொல்கிறார். கதை கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது ஆதலின் பன்மையில் விளிக்கிறார். மேடையில் இறைவனின் பெயரைப் பழிபட வழங்கலாகாதென 1606 இல் இயற்றப்பட்ட சட்டமும் இருந்தது. கார்ன்வாலின் சாவில் வானத்தவரின் கையைக் காண்பவர், மறு மூச்சிலேயே, அந்தோ க்ளாஸ்டர், மற்றக் கண்ணும் போயிற்றா என்று கேட்க நேர்கிறது. தேற்றமும் கேள்வியும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஷேக்ஸ்பியர் ஒன்றைக் கொண்டு மற்றதை மறைக்கவில்லை.

அக்காட்சியின் முடிவில், எஞ்சிய பணியாளர் இருவர் பேசிக்கொள்கின்றனர். ஒருவன் சணல்நாரும் முட்டை வெண்கருவும் கொண்டுவந்து அந்த முதியவரின் குருதி வழியும் முகத்தில் இடப்போவதாகச் சொல்கிறான். இதுவும் குவார்ட்டோவில் மட்டுமே உண்டு. இங்கிலாந்தில் 1962 இல் பீட்டர் புரூக் இயக்கிய புகழ்பெற்ற மேடையேற்றத்தில் இந்த உரையாடல் வேண்டுமென்றே நீக்கப்பட்டது. உலகின் இரக்கமின்மையைத் தூயதாகக் காட்ட அவர் விரும்பினார் போலும். இரண்டு முட்டையின் வெண்கருகூட இல்லாத உலகை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

இந்நாடகம் அரசர் ஜேம்ஸின் முன்னிலையில் வைட்ஹாலில் நடிக்கப்பட்டது 1606 டிசம்பர் 26 அன்று, புனித ஸ்தேவான் திருநாள் இரவில். மற்றொரு மேடையேற்றமும் பதிவாகியிருக்கிறது. அது அரண்மனையில் நடந்ததன்று. 1609-10 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், யார்க்‌ஷயரின் நிட்டர்டேல் பள்ளத்தாக்கில், கத்தோலிக்கப் பிரபு சர் ஜான் யார்க்கின் கௌத்வெய்ட் மாளிகையில், கத்தோலிக்க நடிகர்களைக் கொண்ட ஊர்சுற்றிக் குழு ஒன்று சில நாடகங்களை நடித்தது. அவற்றுள் புனித கிறிஸ்டோபர் நாடகமும் 'லியர் மன்னன்' நாடகமும் உண்டு. ஆங்கிலிக்கத் திருப்பணியாளர் ஒருவரைச் சாத்தான் தூக்கிச் செல்வதாகக் காட்டினர் என்னும் முறையீட்டின்பேரில், செய்தி ஸ்டார் சேம்பர் மன்றத்துக்குச் சென்றது. யார்க்குக்குப் பெருந்தொகை தண்டம் விதிக்கப்பட்டது. தாங்கள் அச்சான நூல்களில் உள்ளவாறே நடித்ததாக நடிகர்கள் வாக்குமூலம் அளித்தனர். அந்த 'லியர்' ஷேக்ஸ்பியருடையதா, அன்றி 1605 இல் அச்சான பழைய நாடகமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷேக்ஸ்பியருடையதாயின், அச்சில் இருந்தது குவார்ட்டோ மட்டுமே. அப்படியானால் வழிபாட்டுக்கு வராமைக்காக மாதம் 20 பவுண்டு தண்டம் கட்டக் கடமைப்பட்ட ஒரு சமூகம், அமைதிகாக்கும் நீதிபதிகளின் சோதனைகளுக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு சமூகம், பனிக்கால இரவொன்றில் அமர்ந்து, முக்காலியை விசாரிக்கும் அந்த மன்றத்தைக் கண்டிருக்கும். அங்கே யாரும் தொய்வு என்று முறையிட்டிருப்பர் எனத் தோன்றவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகள் வேறு வகை முறைசெய்வோனை விரும்பின. 1681 இல் நேயம் டேட் நாடகத்தையே திருத்தி எழுதினார். விதூடகனை அகற்றினார், லியரை மீண்டும் அரியணையில் ஏற்றினார், கொர்டீலியாவை எட்கருக்கு மணமுடித்தார். நல்லோர்க்கு நன்மை, தீயோர்க்குத் தீமை. 1711 இல் அடிசன் இதனைக் கண்டித்தார். ஆயினும் 1838 இல் மாக்ரீடி விதூடகனோடு மூலநாடகத்தை மேடைக்கு மீட்கும்வரை இதுவே கோலோச்சிற்று. கொர்டீலியாவின் சாவைத் தாங்க மாட்டாமல் இறுதிக் காட்சிகளை நெடுங்காலம் மறுபடி படிக்காதிருந்ததாக ஒப்புக்கொண்ட ஜான்சனின் நேர்மையை மதிக்கிறோம். ஆனால் டேட்டின் முடிவில் எல்லாருக்கும் உரியது கிடைத்துவிடுவதால், எவரும் எவரையும் மன்னிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

மூலத்தில் அந்தத் தேவை எழுகிறது. கொர்டீலியாவின் கூடாரத்தில் கண்விழிக்கும் லியர், உன் சகோதரிகளுக்கு இல்லாத காரணம் உனக்கு உண்டு, நஞ்சு கொடுத்தாலும் அருந்துவேன் என்கிறான். அவள், காரணம் ஒன்றும் இல்லை என்று இருமுறை சொல்கிறாள். வழக்கு என்றும் பொருள்படும் அதே சொல். உண்மையில் அவளுக்கு வழக்கு உண்டு. நாடகத்தில் வேறெவருக்கும் இல்லாத அளவு வலுவான வழக்கு. அவள் அதைத் தொடுக்கவில்லை. பின்னாளில் 'சிம்பலின்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் இதே சொல்லை மீண்டும் எடுத்தபோது, அதனைப் பேசுபவன் பிறரைக் குற்றம் சாட்டுபவன் அல்லன். தன் மனைவியைக் கொல்லச் செய்துவிட்டதாக நம்பும் போஸ்துமஸ், நேர்மையான முறைசெய்வோன் எவரேனும் எனக்குக் கயிறோ கத்தியோ நஞ்சோ தாருங்கள் என்று தன்மீதே தண்டனை கோருகிறான். அவன் கேட்டது கிடைக்கவில்லை. உயிரோடிருக்கும் மனைவி கிடைக்கிறாள். தன்னை வஞ்சித்தவனை அவன் மன்னிக்க, அதைக் கண்டு அரசனும் எல்லாருக்கும் மன்னிப்பு வழங்குகிறான்.

'லியர்' அவ்வளவு இளகிய நாடகம் அன்று. எட்மண்டின் எழுத்தாணை சிறைக்குச் செல்கிறது. அதனைப் பெற்றுக்கொண்ட படைத்தலைவன், வண்டியிழுக்கவோ காய்ந்த தானியம் தின்னவோ என்னால் ஆகாது, மனிதர் செய்யும் வேலையாயின் செய்வேன் என்கிறான். அவனுக்கும் பெயர் இல்லை. கார்ன்வாலைத் தடுத்த பணியாளையும் இவனையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுப்பை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகிறார். கொர்டீலியா தூக்கிலிடப்படுகிறாள். அவளது உடலை ஏந்தி வரும் லியர், உன்னைத் தூக்கிலிட்ட அடிமையை நான் கொன்றுவிட்டேன் என்று அவளிடமே சொல்கிறான். மெய்தான் என்று வீரன் ஒருவன் உறுதிசெய்கிறான். குடிசையில் அரசன் தேடியது இதுவே: குற்றவாளி தப்பவில்லை, தண்டனை உடனே கிடைத்துவிட்டது, நிறைவேற்றியது அவனது சொந்தக் கை. ஒரு காலத்தில் வாள் வீசி எத்தனை பேரைத் துள்ள வைத்திருப்பேன் என்று ஒரு கணம் பெருமை பேசுகிறான். அடுத்த கணம் அதை மறந்துவிடுகிறான். கண்கள் மங்குகின்றன. எதிரே நிற்பவர் யார் என்று தெரியவில்லை. கூர்ந்து நோக்கி, நீர் கென்ட் அல்லவா என்று கேட்கிறான்.